அடிபடாத பக்கம்

முதல் அறை விழுந்தபோது வினோஜின் கையில், தோகாவிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் பாதி உரித்தபடி இருந்தது.

இரண்டாவது அறை விழுந்தபோது கையில் சாக்லேட் இல்லை. மகளும் இல்லை.

மூன்றரை வயது மிதுனாவை யாரோ ஒரு பெண் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை தொண்டை கிழிய அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அம்மா வளைவுக்கு அந்தப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர் லயன் வீடுகளின் பின்னால் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சிப்பாறை தாண்டியதிலிருந்து சுபிதாவுக்கு ஒவ்வொரு வளைவும் வயிற்றுக்குள்தான் வளைந்தது. காரை ஓரங்கட்டியதும், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள். அதுவரை தூங்கிய பிள்ளை, அந்நேரம் பார்த்துக் கண்விழித்தது.

கோதையாறு மலைக்குப் போகலாம் என்று கிளப்பியது வினோஜ்தான்.

மகளுக்கு இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிவிட்டு மறுநாள் விமானம் ஏறியவன் அவன். திரும்பி வந்து எட்டு நாள் ஆகிறது. அவனைப் பார்த்து அவள் இன்னும் ஒருமுறைகூட 'அப்பா' என்று சொல்லவில்லை.

அப்பா என்பவர் போனுக்குள் இருப்பவர். தினமும் சாயங்காலம் வருவார், முத்தம் கொடுப்பார், அணைந்துபோவார். லுங்கி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரியும் இந்த ஆள் வந்த பிறகு, போனுக்குள் அப்பா வருவதே இல்லை.

வினோஜ், வடசேரிச் சந்தையில் வாழைக்குலை விற்றவரின் மகன். படியாத பேரம் உலகத்தில் இல்லை என்று நம்பி வளர்ந்தவன். பொம்மை கொடுத்துப் பார்த்தான். யானையாகி முதுகில் சுமந்து பார்த்தான். பொம்மையை வாங்கிக்கொண்டாள், யானைமேல் ஏறிக்கொண்டாள், சொல்லை மட்டும் மடியில் முடிந்து வைத்துக்கொண்டாள். அவளும் அந்த வம்சம்தானே.

மலை, ஆறு, குரங்கு எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டினால் படிந்துவிடும் என்று நினைத்தான்.

ஒரு மாதமாக ஊரெல்லாம் வாட்ஸாப்பில் ஒரே சேதி. காரில் வருகிறார்கள், சாக்லேட் காட்டுகிறார்கள், பிள்ளையைத் தூக்குகிறார்கள். ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தபோது கார் நின்றது. சாக்லேட் இருந்தது. திமிறிக் கத்தும் பிள்ளையை ஒருவன் தூக்கிக்கொண்டிருந்தான். சேதியில் ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் அவர்களில் ஒருவரான பால்வெட்டு ஜான்ரோஸ் நியாயஸ்தர். அடிக்கும் முன், சரியாகச் சொன்னால் இரண்டு அடிக்குப் பின், பிள்ளையின் கண்ணைத் துடைத்து விசாரித்தார்.

"கரையாண்டாம் மக்கா. இது உனக்க அப்பாவா?"

மிதுனா அழுகையை நிறுத்தினாள். வினோஜை ஏற இறங்கப் பார்த்தாள். குலையைப் புரட்டிப் பார்க்கும் வியாபாரிபோல நிதானமாகத்தான் பார்த்தாள்.

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

பால் வாளி நெற்றியில் இறங்கியது. போட்டோ காட்டலாம் என்று சட்டைப்பைக்குள் கைவிட்டான். கத்தி எடுக்கிறான் என்று ஒருவன் கத்தினான். அந்தக் கையின் இரண்டு விரல்கள், முருங்கைக்காய் ஒடிகிற சத்தத்தோடு பின்பக்கமாக மடங்கின. போன் கல்லில் விழுந்தது. அவன் போனுக்குப் பக்கத்தில் விழுந்தான். விலாவில் யாருடைய செருப்போ ஏறி ஏறி இறங்கியது. வாய்க்குள் ஒரு பல் தனியாக உருண்டது.

நான்தான் அப்பா, நான்தான் அப்பா என்று அவன் சொல்லச் சொல்ல அடி கூடியது. இத்தனை வாங்கியும் பொய் சொல்கிறானே என்ற ஆத்திரம் அவர்களுக்கு.

ரப்பர் பாலும் ரத்தமும் சேர்ந்து ஒரு கண்ணை ஒட்டிவிட்டன. ஒட்டாத கண்ணால் மகளைத் தேடினான். அவள் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து, அழாமல், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபிதா ஓடிவந்து அவன்மேல் விழுந்து, என் மாப்பிள்ளை, என் பிள்ளைக்கு அப்பா என்று அலறிய பிறகுதான் கைகள் நின்றன. அடுத்த நிமிடம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.

எஸ்டேட் ஜீப்பை ஜான்ரோஸ்தான் எடுத்தார். வாளி அவருடையது.

பின்சீட்டில் சுபிதாவின் மடியில் வினோஜின் தலை. முன்சீட்டில், பிள்ளையைப் பிடுங்கிய அந்தப் பெண் பூங்கனியின் மடியில் மிதுனா. பின்னால் ஏறமாட்டேன் என்று காலை உதைத்ததால் சுபிதா தன் போனைக் கொடுத்து அடக்கியிருந்தாள்.

அணைத் தண்ணீர் தெரிகிற வளைவில்தான் சிக்னல் கிடைக்கும்.

கிடைத்தது. வினோஜின் சட்டைப்பையில், சுபிதா பொறுக்கிப் போட்டிருந்த கீறல் விழுந்த போன் அடித்தது. வீடியோ கால். திரையில் சுபிதாவின் பெயர்.

இப்போது வேண்டாம் என்று சுபிதா அவன் கையைப் பிடித்தாள். அவன் கேட்கவில்லை. அடிபட்ட குலையைச் சந்தையில் எப்படித் திருப்பி வைக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒடியாத கையில் போனை எடுத்தான். முகத்தைத் திருப்பி, வீங்காத பாதியை மட்டும் திரைக்குக் காட்டிச் சிரித்தான்.

"அப்பா" என்றாள் மிதுனா.

எட்டு நாளாகப் படியாத சொல். முன்சீட்டிலிருந்து, கைக்கெட்டும் தூரத்திலிருந்து வந்தது.

"நம்ம வீட்ல ஒரு பிள்ளபுடிக்கவன் இருந்தாம்லா, அவன எல்லாரும் சேந்து அடிச்சுப் போட்டாவ. இனி பயப்படாண்டாம் அப்பா. நீங்க வாங்க."