சூரியன்மேல் ஒரு முள்

‘ஏவ்’ என்று எழுந்த ஏப்பத்தில் ஜெபக்கனியின் பேச்சு நின்றுபோனது. அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிவநேசன், ரயிலுக்கு நேரமாகிறது என்று சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு அவள் செலவு. அது அந்தத் துறையின் வழக்கம்.

“நிறுத்தாதம்மா, சொல்லு,” என்றார், பல்லிடுக்கில் விரலை விட்டுக்கொண்டே.

“அடுப்பை விட்டு விலகினா சூடு குறையணும், சார். சூரியன்ல அது தலைகீழ். மேற்பரப்பு ஆறாயிரம் டிகிரிகூட இல்லை. வெளியே சூழ்ந்திருக்கிற வளிமண்டலம் பத்து லட்சத்தைத் தாண்டுது. காந்தப்புலம் முறுக்கேறி அறுந்து ஒட்டும்போது உண்டாகிற சின்னச்சின்ன வெடிப்புகள்தான்...”

அவர் விரலில் சிக்கிய மீன் முள்ளை, விரித்து வைத்திருந்த அவளுடைய ஆய்வேட்டிலேயே தேய்த்தார். முழுச் சூரிய கிரகணப் படம் இருந்த பக்கம் அது. கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஒளிர்ந்த வெண்மையில் மிளகாய் எண்ணெய் மெல்லப் பரவியது. மற்ற பக்கங்கள் பிரிக்கப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான்.”

அவளுடைய வழிகாட்டி கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையெழுத்தாகாத தேர்வு அறிக்கை அவர் கைக்கடியில் இருந்தது.

“வஞ்சிரம் ஏன் இப்படி ஆறிப்போய் வந்திருக்கு?”

ஜெபக்கனி அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். பிறகு அறிக்கையைப் பார்த்தாள்.

“மன்னிச்சுக்குங்க, சார். சூடா இன்னொரு பிளேட் வரவழைக்கிறேன்.”