கெளிற்று முள்
கொட்பே கடற்கரையில் நிமலன் கத்திக் குழறுகிறான். வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கெளிற்று மீனின் முள் பெருவிரலில் ஏறிவிட்டது. ஒரு பொட்டு இரத்தம் வெயிலில் மினுங்குகிறது. அதற்குக் கூட்டாளிகளில் ஒருத்தன் சுடுதண்ணீருக்கு ஓடுகிறான், இன்னொருத்தன் தொப்பியால் விசிறுகிறான். நிமலனின் மனைவி வதனி மீன்பெட்டி விளிம்பில் ஒருக்களித்து அமர்ந்து பார்க்கிறாள். கலியாணமான நாள்முதல் அவன் நெருங்கினாலே அவளுடைய பெண்ணுறுப்பு நெருப்பாய் எரிகிறது. ஆசைப்பட்ட உடம்பு இப்போது அவன் செருப்புச் சத்தத்துக்கே இறுகிவிடுகிறது. சொன்னால், "சும்மா நடிக்காதையும்" என்பான். "தொடாதேங்கோடா, எரியுது!" என்று நிமலன் அலறுகிறான். அத்தனை கைகளும் சட்டென விலகுகின்றன. வதனிக்குச் சிரிப்பு வருகிறது. "பாருங்கோ," என்கிறாள் நிமலனிடம், "ஒருக்காச் சொன்ன உடனே நம்பிப்போட்டாங்கள்."