மூன்று தொண்ணூறும் ஒரு நூற்றறுபதும்

வண்டி மேடு ஏறத் திணறிய நாளிலிருந்து, அந்தப் பழைய காரின் நான்கு சிலிண்டர்களும் ஒன்றையொன்று நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாசிலாமணி பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தம் பார்க்கும் மீட்டரை முதல் சிலிண்டரில் திருகினார். உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி கோமளா செல்ஃப் அடித்தாள். முள் தொண்ணூறிலேயே நின்றுவிட்டது; ரொம்பக் குறைவு.

"நான் அப்பவே நெனச்சேன், இவன்தான்னு," என்றது மூன்றாவது.

இரண்டாவதும் தொண்ணூறு. மூன்றாவதும் தொண்ணூறுதான்.

"ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சியா? மிதிச்சாத்தானே உள்ள காத்து போகும்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"எப்பச் சொன்னீங்க?" என்றபடி கோமளா அழுத்தி மிதித்தாள்.

நான்காவது நூற்றறுபது காட்டியது.

"நம்ம காத்தையெல்லாம் தின்னவன் இவன்தான்!" என்று முதல் சிலிண்டர் கத்தியது. மற்ற இரண்டும் ஆமாம் போட்டன.

"அந்தம்மா இப்பத்தான் மிதிச்சாங்கப்பா," என்றது நான்காவது.

"மாட்டிக்கிட்டவன் இப்படித்தான் பேசுவான்."

மாசிலாமணி மீட்டரை மறுபடி முதல் சிலிண்டரில் மாட்டினார். கோமளா மிதித்துக்கொண்டே செல்ஃப் அடித்தாள். நூற்றறுபது!

"பாத்தீங்களா, எனக்கு ஒண்ணுமே இல்ல!" என்று முதல் சிலிண்டர் பூரித்தது.

மூன்றாவது அதனிடம் மெதுவாகக் கேட்டது:

"நீ எப்ப அவன் பக்கம் போனே?"