அணையாத தேடல்

ஐம்பது வருடக் குடித்தனத்தில் சவரியான் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எல்லாவற்றுக்கும் "ஏளா"தான். அதனால், மறதி கூடிவிட்டதென்று ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்த அவரிடம் டாக்டர் மைக்கில், "பெரியவரே, உங்க வீட்டம்மா பேரென்ன?" என்று கேட்டதும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற மனைவி ரோணிக்கம் டாக்டர் முன்னாலிருந்த திரையை எட்டிப் பார்த்தாள். திரையில் அவருடைய மூளையின் இடப்பக்கம் வெளிச்சம் வந்தது. பிறகு வலப்பக்கமும் வந்தது.

"வயசானா அப்படித்தாம்மா. சின்ன விஷயத்தைத் தேடவும் ரெண்டு பக்கமும் வேலை செய்யும்."

டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் நெற்றி, பிடரி, காதோரம் என்று ஒரு மூலை பாக்கியில்லாமல் மாதா கோயில் திருநாள் போல ஜொலித்தது. கரண்ட் போதாமல் ஆஸ்பத்திரி ஃபேன்களெல்லாம் வேகம் குறைந்து நின்றேபோயின.

ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "தெரியலயே சார்."

ரோணிக்கம் கண்ணாடியை விட்டு விலகி நின்றாள்.

மெஷினை நிறுத்தியதும் சவரியான் இறங்கி வந்து, "ஏளா, என் செருப்பு எங்க?" என்றார். அவள் காட்டினாள். மாட்டிக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டார்.

மெஷின் காலி. திரையில் அந்த மூளை மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். அப்போதும் எரிந்தது. அவருக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது.

"அம்மா, உங்க பேரை நீங்களே மைக்ல சொல்லிருங்க. அணைஞ்சாலும் அணையும்."

ரோணிக்கம் மைக்கருகே குனிந்தாள். திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கட்டும் டாக்டர். கொஞ்சம் தேடட்டும்."