இடது பக்கத்து மழை

"எவ்வளவு தேய்ச்சாலும் இடது பக்கம் மட்டும் ஏன் இப்படி வெளுத்துப் போகுது?"

வினிஃப்ரட் கணவனின் மழைக் கோட்டைச் சமையலறை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். வலது பக்கம் கரும்பச்சையாகப் பளபளத்தது. இடது தோளும் கையும் சாம்பல் பூத்துக் கிடந்தன.

அது மெழுகு ஏற்றிய பருத்திக் கோட்டு. துவைக்கவே கூடாது. மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து உருக்கி, துணியில் தொட்டு, இழைக்குள் இறங்கும்வரை தேய்க்க வேண்டும். இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மெழுகு அடைத்துக்கொண்டால் மழை உள்ளே வராது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரே கோட்டு அப்பா, பிள்ளை, பேரன் எல்லோருக்கும் உழைக்கும். கணவன் பார்னபி போடுவதும் அவன் அப்பாவுடையதுதான்.

"அந்த இமோஜென் மாதிரி புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கச் சொல்லேன்," என்றாள் நாத்தனார் ஆக்னஸ், தேநீரை உறிஞ்சியபடி. பக்கத்து மேய்ச்சல் நிலமும் ஆடுகளும் அவளுடையவை.

"கடையில மடிச்சு வெச்ச கோடு தெரியற கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும். அவ லண்டன்ல இருந்து வந்தவ. அவளுக்கு எங்கே தெரியும்?"

"சிரிக்கிறது நாமதான். ஆம்பளைங்க யாரும் சிரிக்கலையே! வாயைப் பொளந்துக்கிட்டுல்ல நிக்கிறாங்க."

வினிஃப்ரட் தன் கம்பளிச் சட்டையைக் குனிந்து பார்த்தாள். முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டது. நல்ல துணி பழசாகப் பழசாகத்தான் அழகு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவள் அவள். இன்று அந்த முழங்கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

ஆக்னஸ் கோட்டின்மேல் விரலை வைத்தாள். "இங்கே மழை எங்கிருந்து அடிக்கும்?"

"எப்பவும் மேற்கேயிருந்துதான்."

"பப் வடக்கே இருக்கு. உன் புருஷன் போகும்போது எந்தப் பக்கம் நனையும்?"

"இடது."

"திரும்பி வரும்போது?"

"வலது."

"அப்போ வலது பக்கமும்தானே மெழுகு போயிருக்கணும்? புதுசாட்டம் இருக்கே!" ஆக்னஸ் கோப்பையை வைத்தாள். "போறப்போ நடை. வர்றப்போ யாரோ காரில கொண்டாந்து விடறாங்க. அது யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

வினிஃப்ரட்டின் கை நின்றுவிட்டது. துணியில் இருந்த மெழுகு இறுகிப்போனது.

அப்போதுதான் பார்னபி உள்ளே வந்தான். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அடுப்போரம் படுத்திருந்த பிராம்பிளின் முதுகைத் தட்டினான். நாய் எழுந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

அதன்பிறகு அவளால் உட்கார முடியவில்லை. துடைத்த கோப்பைகளையே மறுபடியும் துடைத்தாள். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். ஒன்றும் நிற்கவில்லை.

"வாசல்ல நிறுத்துவாளா என்ன? வளைவிலேயே இறக்கி விட்டுடுவா," என்றாள் ஆக்னஸ். அவள் கிளம்புவதாக இல்லை.

பார்னபி திரும்பி வந்து கோட்டைக் கழற்றினான். இடது பக்கம் சொட்டியது. வலது பக்கம் காய்ந்து கிடந்தது.

"யார் காரில வந்தே?"

"காரா? நடந்துதான் வந்தேன்."

"பொய் சொல்றதானா ஒழுங்கா சொல்லு. வலது பக்கம் ஏன் நனையலை?"

அவன் காது மடல்கள் சிவந்தன. அக்காவை ஒரு பார்வை பார்த்தான். "நாயைத் தொட்டுப் பாரு. அவனும் எங்கூடத்தானே வந்தான்."

வினிஃப்ரட் துண்டை எடுத்துத் துடைத்தாள். பிராம்பிளின் இரண்டு விலாவும் ஒரே மாதிரி ஈரம். நாய் போகவும் வரவும் நடந்திருக்கிறது, சந்தேகமே இல்லை.

"நாயை நடக்க விட்டுட்டு இவன் மட்டும் காரில ஏறியிருப்பான்!" என்றாள் ஆக்னஸ்.

பார்னபி மாடிக்குப் போய்விட்டான். அதுதான் வினிஃப்ரட்டை அதிகம் குடைந்தது. இரவெல்லாம் புரண்டாள்.

மறுநாளும் மழை. அவன் கிளம்பிச் சென்றதும் கொஞ்ச நேரம் பொறுத்து, பின்வாசல் வழியாகப் போய் மேய்ச்சல் நிலத்து வேலியைத் தாண்டும் படியருகே நின்றுகொண்டாள். பப்புக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்த நிலத்தின் வழியாகத்தான்; தெரு வளைவும் அங்கிருந்து தெரியும். கார் வந்தால் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கார் வரவில்லை. பாதையில் பார்னபிதான் வந்தான். ஆனால் அவன் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தான். குதிகாலால் தரையைத் தடவித் தடவி, மழையில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியபடி. ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே, வெகுதூரம் தள்ளி பிராம்பிள் தளர்ந்து வந்தது. அவன் உள்ளங்கையைக் காட்டினால் நின்றது. விரலை மடக்கினால் வந்தது.

அவன் முதுகு அவள்மேல் வந்து மோதியது.

"ஐயோ, வினி!" திரும்பியவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அக்கா வரலையே?"

"ஏன்? அவளுக்கு என்ன?"

"தெரிஞ்சா குட்டி போட்ட ஆடுங்க இருக்கிற நிலத்துல இவனைக் காலே வைக்க விடமாட்டா. கூப்பிட்டா வராத நாயை எந்த ஆட்டுக்காரி விடுவா?" அவன் குரல் இறங்கியது. "பிராம்பிளுக்குக் காது சுத்தமாப் போயிடுச்சு, வினி. போகும்போது காலோட ஒட்டிக்கிட்டு வந்துடறான். வரும்போது களைச்சுப் பின்தங்கிடறான். என் கையைப் பார்த்தாத்தான் வருவான். அதனாலதான் வீடு வரைக்கும் அவன் பக்கம் திரும்பியே நடந்து வர்றேன். வரும்போதும் மழை இடது பக்கமே அடிக்குது."