எட்டாவது லேன்

“ஆறு இருபதுன்னா ஆறு இருபதுதான். உனக்காக நிக்க மாட்டாங்க. வந்து உட்காரு.”

அவள் உட்காருவதற்குள் எட்டுப் பேரும் நீரில் குதித்திருந்தார்கள்.

“நம்ம பையன் எங்கங்க?”

“எட்டாவது லேன். அந்தக் கடைசி ஓரம்.”

“எல்லாம் தொப்பியும் கையுமாத்தான் தெரியுது. பெத்தவளுக்கே அடையாளம் தெரியல.”

உலகப் போட்டி. ஆண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் நீச்சல். குளத்தின் நீளத்தை முப்பது முறை கடக்க வேண்டும். மகன் இறுதிச் சுற்றுக்கு வந்ததே பெரிது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அம்மாவின் கவலை வேறு. நான்கு வருடமாகப் பெண் பார்க்கிறாள். பேச்சை எடுத்தாலே, “இந்தப் போட்டி முடியட்டும்மா” என்பான். ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்துவிடும்.

“இன்னிக்கு விடமாட்டேன். தண்ணியிலேருந்து ஏறினதும் கேட்டுடுவேன்.”

“துவட்டிக்கவாவது விடு.”

பக்கத்து இருக்கையில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். விரல்களைக் கோத்து மோவாய்க்கு அடியில் வைத்திருந்தாள். அரங்கமே நான்காவது லேனைப் பார்த்துக் கத்தியது. அவள் மட்டும் எட்டாவதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

அம்மா முழங்கையால் கணவரை இடித்தாள்.

“அங்க பாருங்க. நம்ம லேனைத்தான் பாக்கறா.”

“பாத்தா பாக்கட்டும். அவளும் டிக்கெட் வாங்கியிருக்கா.”

அம்மா அந்தப் பக்கம் சாய்ந்தாள். “எட்டாவது லேனாம்மா?”

“ஆமா ஆன்ட்டி. எங்க வீட்டு ஆளு. இருங்க, எண்ணிட்டு இருக்கேன். பதினொண்ணு.”

அம்மா மெதுவாக நிமிர்ந்தாள்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“அவங்க வீட்டு ஆளாம்.”

“யாரு?”

“உங்க பிள்ளை!”

அப்பாவின் காபி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. “நாமதான் அப்பா அம்மான்னு சொல்லிடு.”

“சும்மா இருங்க. முதல்ல எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரியட்டும்.”

மறுபடியும் சாய்ந்தாள். “ரொம்பப் பதட்டமா இருக்கியேம்மா?”

“போன தடவை எண்ணிக்கை தப்பிடுச்சு ஆன்ட்டி. அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு. இன்னிக்கும் தப்பினா இனிமே கூப்பிடவே மாட்டாங்க.”

அம்மா கணவரிடம் திரும்பினாள். “போன தடவை தோத்ததுக்கு ஜுரம்னுதானே நம்மகிட்ட சொன்னான்?”

“ஜுரம்தான். மாத்திரை வாங்கிக் குடுத்ததே நான்தான்.”

“உங்ககிட்ட ஜுரம். இவகிட்ட உண்மை.”

இந்த முறை அம்மாவின் குரலில் தேன் கூடியது. “நேத்து நல்லாத் தூங்கினாங்களாம்மா?”

“எங்க தூங்கினார்? கூடத்துக்கும் சமையல்கட்டுக்குமா நடந்து நடந்து எண்ணிட்டே இருந்தார். நான்தான் திட்டிப் படுக்க வெச்சேன். பத்தொன்பது.”

அம்மா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “வீரர்கள் விடுதியில தங்கியிருக்கான்னு சொன்னீங்க?”

“விடுதிதான்.”

“விடுதியில ஏதுங்க சமையல்கட்டு?”

அப்பா குளத்தைப் பார்த்தார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

“இங்க குடித்தனமே நடக்குது. நான் ஊர் பூரா பொண்ணு தேடிட்டு இருக்கேன்.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணை உச்சி முதல் செருப்பு வரை ஒருமுறை பார்த்தாள். “லட்சணமாத்தான் இருக்கா. திட்டவும் தெரியுது.”

“அப்புறம் என்ன?”

“பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

கீழே மணி ஒலித்தது. கூட்டம் எழுந்தது. நான்காவது லேன்.

“முடிஞ்சிருச்சா?”

“இல்ல, இன்னும் ரெண்டு நீளம் பாக்கின்னு அர்த்தம். ஒவ்வொரு லேனுக்கும் தனித்தனியா அடிப்பாங்க.”

ஐந்தாவது லேனில் மணி அடித்தது. பிறகு மூன்றாவதில். எட்டாவதில் இன்னும் இல்லை. அந்தப் பெண் எழுந்து, தெரியாதவளாயிற்றே என்றுகூடப் பார்க்காமல் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“இருபத்தெட்டு. இப்ப. இப்ப அடிக்கணும்.”

அடித்தது.

“சரியா வந்துடுச்சு! சரியா வந்துடுச்சு ஆன்ட்டி!” அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அம்மா முதலில் வேறு வழியில்லாமலும், பிறகு மனதாரவும் கட்டிக்கொண்டாள்.

பெண் உட்கார்ந்தாள். பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அம்மாவிடம் நீட்டினாள். குளத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

“என்னம்மா, இன்னும் ரெண்டு நீளம் இருக்கே. பாக்கலையா?”

“இனிமே யார் ஜெயிச்சா என்ன ஆன்ட்டி? எங்க வேலை முடிஞ்சுது.”

“முடிஞ்சுதா?”

“அதோ, எட்டாவது லேன் முனையில வெள்ளைச் சட்டை போட்டு, மணியைக் கையில வெச்சுட்டு நிக்கிறாரே, அவர்தான் எங்கப்பா. போன போட்டியில ஒரு சுத்து முன்னாடியே அடிச்சுட்டார்.”

“தொட்டுட்டான்! ஆறாவது இடம்! ஆறாவதுடி!” அப்பா நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்.

அம்மா திரும்பவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“அப்ப, உனக்குக் கல்யாணம் ஆகலைதானேம்மா?”