மேலே போய் வந்த கொடுவா

கழிமுகத்துப் பாறை இடுக்கில் ஒரு கொடுவா மீனும் ஒரு நண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. ஒருநாள் காலை, குடும்பங்களை மீன்பிடிக்க அழைத்து வரும் படகு ஒன்று அங்கே வந்து நின்றது. பசியில் கொடுவா இரையைக் கவ்வ, தூண்டில் அதை மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. மேலே போன யாரும் திரும்பியதில்லை. நண்டு அழுதுகொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கொடுவா திரும்பி வந்தது. உதட்டில் மட்டும் சிறு காயம்.

"உன்னை எப்படி விட்டார்கள்?" என்று கேட்டது நண்டு.

"படகில் ஓர் அப்பா, அம்மா, அவர்களுடைய சின்ன மகள். என்னைப் பிடித்தவள் அவள்தான். படகுக்காரர் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, 'சினை மீன் பாப்பா. மூச்சு முட்டுது அதுக்கு. வச்சுக்கலாமா, விட்டுடலாமா?' என்று கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. தண்ணீரை நோக்கிக் கையை மட்டும் நீட்டினாள்."

"வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்?"

"எனக்கும் முதலில் புரியவில்லை. அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிச் செவுளை அசைத்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்."